குருதியில் விரியும் வலை

நுழையும்முன்

காயம்பட்ட இடத்தில் குருதி சற்று நேரத்தில் உறைந்து நின்றுவிடுகிறது. கிருமி புகுந்த இடமோ சிவந்து, வீங்கி, சூடேறி வலிக்கிறது. முன்னதைக் குருதி உறைதல் என்றும் பின்னதை அழற்சி என்றும் பெயரிட்டு, இரண்டையும் வெவ்வேறு பாடங்களாகவே மருத்துவம் நெடுங்காலம் கற்பித்து வந்தது. அவை ஒரே காவலின் இரு கைகள் என்பதை ஆய்வுக்கூடங்கள் மெல்ல மெல்லக் கண்டறிந்தன. 2020ஆம் ஆண்டில் அந்த உண்மை ஆய்வுக்கூடத்தைவிட்டு மருத்துவமனைப் படுக்கைகளுக்கு வந்து நின்றது. அதனை எதிர்கொண்ட ஊர்களுள் வடசென்னையும் ஒன்று.

இராயபுரம், 2020

நாடு தழுவிய பொதுமுடக்கம் 2020 மார்ச் 25 அன்று தொடங்கியது. அதன்பின் வந்த வாரங்களில் சென்னை மாநகராட்சியின் 15 மண்டலங்களுள் இராயபுரம் மண்டலத்தில்தான் கொரோனாத் தொற்று மிகுதியாகப் பதிவானது. மே மாத இறுதிக்குள் அந்த ஒரு மண்டலத்தில் மட்டும் தொற்றுக்கு உள்ளானோர் எண்ணிக்கை இரண்டாயிரத்தைக் கடந்தது.

காரணம் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. பழைய வண்ணாரப்பேட்டை, மண்ணடி, சௌகார்பேட்டை ஆகிய பகுதிகளின் சந்துகளில் எதிரெதிரே வரும் இருவர் ஒதுங்கித்தான் கடக்க முடியும். ஒண்டுக்குடித்தன வீடுகளில் பல குடும்பங்களுக்கு ஒரே குழாய், ஒரே கழிப்பிடம். மொத்த வணிகக் கிடங்குகளில் மூட்டை சுமப்போரும், துறைமுகத் தொழிலாளரும், மீன் விற்கும் பெண்களும் நாள்தோறும் நூற்றுக்கணக்கானோரை நெருங்கி நின்று பழகும் பிழைப்பினர். 'இடைவெளி விட்டு இருங்கள்' என்னும் அறிவுரை, ஓர் அறையில் ஐந்தாறு பேர் படுத்துறங்கும் வீட்டுக்குள் நுழைய வழியில்லாமல் வாசலிலேயே நின்றுவிட்டது.

இப்பகுதி மக்களுக்குப் பெருந்துணையாக விளங்குவது ஸ்டான்லி அரசு மருத்துவமனை. 1782இல் பஞ்சக் காலத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரம் இருந்த இடத்தில் வளர்ந்தது அது. 1799இல் அங்கே மருத்துவமனை உருவாயிற்று. 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்ற பெயர் முதியோர் நாவில் இன்றும் வழங்குகிறது. இராயபுரம் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய அதன் கல்விப்பிரிவு, 1938இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. பசிக்காகத் திறந்த கதவு பெருந்தொற்றுக் காலத்தில் மூச்சுத்திணறலோடு வந்தவர்களுக்காகத் திறந்திருந்தது.

நுரையீரலைத் தாக்கும் நோய் என்றே கோவிட்-19 முதலில் அறியப்பட்டது. ஆனால் நோயாளிகளிடம் காணப்பட்டவை அந்த வரையறைக்குள் அடங்கவில்லை. சிலர் தெளிவாகப் பேசிக்கொண்டிருந்தனர்; அவர்களது விரல்நுனியில் பொருத்திய கருவியோ குருதியில் உயிர்வளி அபாயகரமான அளவுக்குக் குறைந்துவிட்டதைக் காட்டியது. சிலருக்குக் காய்ச்சல் தணிந்த பின்னர்க் கால் வீங்கியது. பக்கவாதத்தோடும் மாரடைப்போடும் வந்த சிலரிடம் சோதனைக்குப் பிறகே தொற்று தெரியவந்தது. நுரையீரல் நோய்க்கும் மூளை நாளத்தின் அடைப்புக்கும் என்ன தொடர்பு? உலகெங்கும் மருத்துவர்கள் கேட்ட இக்கேள்விக்கு விடை குருதிக்குள் இருந்தது.

ஓட்டமும் உறைவும்

குருதி இரண்டு முரண்பட்ட கடமைகளை ஒருசேரச் செய்கிறது. குழாய்க்குள் இருக்கும்வரை அது தடையின்றி ஓட வேண்டும். குழாயில் ஓட்டை விழுந்தால் உடனே உறைய வேண்டும். நாளங்களின் உட்சுவர் வழவழப்பாக இருப்பதோடு, உறைதலைத் தடுக்கும் பொருள்களையும் சுரந்து ஓட்டத்தைக் காக்கிறது. அச்சுவர் கிழிந்தால் நிலைமை நொடியில் மாறுகிறது. தட்டணுக்கள் ஓடிவந்து கிழிசலில் ஒட்டிக்கொள்கின்றன. சுவருக்கு அடியில் மறைந்திருந்த 'திசுக் காரணி' குருதியோடு கலந்ததும், குருதிநீரில் உறங்கிக் கிடக்கும் புரதங்கள் ஒன்றையொன்று எழுப்பிவிடுகின்றன. அத்தொடரின் கடைசியில் பிறக்கும் திராம்பின் என்னும் நொதி, நீரில் கரைந்திருக்கும் ஃபைபிரினோஜனைக் கரையாத ஃபைபிரின் இழைகளாக மாற்றுகிறது. இழைகள் பின்னி வலையாகின்றன, வலையில் சிவப்பணுக்கள் சிக்குகின்றன, ஓட்டை அடைபடுகிறது.

வேலை முடிந்ததும் வலையை அறுக்க வேண்டுமல்லவா? அதற்குப் பிளாஸ்மின் என்னும் மற்றொரு நொதி இருக்கிறது. அது ஃபைபிரினை வெட்டும்போது உதிரும் துண்டுகளுள் ஒன்றுதான் 'டி-டைமர்'. பெருந்தொற்றுக் காலத்தில் ஆய்வக அறிக்கைகளைப் புரட்டிய குடும்பங்களுக்கு இச்சொல் நன்கு பழகிவிட்டது. டி-டைமர் மிகுந்திருந்தால், உடலில் எங்கோ உறைவு உண்டாகிக் கரைந்துகொண்டிருக்கிறது எனக் கொள்ளலாம். ஆனால் எங்கே என்பதை அது சொல்லாது. காய்ச்சல், கருவுற்ற நிலை, முதுமை ஆகியவற்றிலும் அது உயரும். ஆகையால் அந்த எண்ணை மட்டும் பார்த்து அஞ்சுவதும் ஆறுதலடைவதும் பொருந்தா.

நாளத்துக்குள்ளேயே குருதி ஏன் உறைகிறது என்பதை முறையாக ஆராய்ந்தவர் செருமானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ. அவரது கட்டுரைத் தொகுதி 1856இல் வெளியானது. தென்னிந்தியாவின் முதல் பயணியர் தொடர்வண்டி இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலைக்குப் புறப்பட்டதும் அதே 1856இல்தான். குருதியோட்டம் மந்தமாதல், நாளச் சுவர் சிதைதல், குருதியின் தன்மை மாறுதல் ஆகிய மூன்றும் இன்று விர்ச்சோவின் பெயராலேயே வழங்குகின்றன. காலில் உறையும் கட்டி கழன்று நுரையீரலுக்குச் சென்று அடைத்துக்கொள்ளும் என்பதை விளக்கியவரும் அவரே.

கோவிட் நோயாளியிடம் இம்மூன்றும் கூடின. நாட்கணக்கில் படுத்திருந்ததால் ஓட்டம் மந்தமாயிற்று. அழற்சியால் நாளச் சுவர் சிதைந்தது. குருதியில் ஃபைபிரினோஜன் முதலியவை பெருகின. நீரிழிவும் உயர் இரத்த அழுத்தமும் உடையவர்களுக்கு நாளச் சுவர் முன்னரே தளர்ந்திருந்ததால் தீங்கு கூடுதலாயிற்று. இருப்பினும் அழற்சி எவ்வாறு உறைதலைத் தூண்டுகிறது என்னும் கேள்வி எஞ்சுகிறது.

தெரிந்து தெளிவோம்

குருதி உறைதற்குரிய காரணிகள் ரோமானிய எண்களால் 1 முதல் 13 வரை குறிக்கப்படுகின்றன. ஆனால் 6ஆம் எண்ணுக்கு உரிய காரணி இல்லை. தனிப்பொருள் என்று கருதியது அவ்வாறு இல்லை எனப் பின்னர்த் தெரிந்ததால் அவ்விடம் வெறுமையாகவே விடப்பட்டது. 8ஆம் காரணி பிறவியிலேயே குறைந்திருப்பது 'ஹீமோஃபிலியா ஏ' என்னும் குருதி உறையாமை நோய். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், இந்நோய் கடுமையாக இருந்த ஐவருக்கு அவர்தம் குருதிக் குருத்தணுக்களிலேயே 8ஆம் காரணிக்குரிய மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்தினர். ஆய்வு முடிவு 2024 டிசம்பரில் வெளியானது. கண்காணிப்புக் காலத்தில் அவர்களுக்குக் குருதிக்கசிவு நேரவில்லை.

நீலக் குருதி

விடையின் முதல் நுனி கிடைத்தது மனிதரிடம் அன்று, ஒரு கடல் உயிரியிடம். குதிரைலாட நண்டு எனப்படும் அவ்வுயிரியின் குருதி நீலநிறமானது. அதன் உறவினங்கள் இரண்டு ஒடிசா, மேற்குவங்கக் கடற்கரைகளிலும் வாழ்கின்றன. 1950களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கடற்கரையில் ஃபிரடெரிக் பேங் என்னும் அறிவியலார் இந்நண்டுக்குள் பாக்டீரியாவைச் செலுத்தினார். நண்டின் குருதி அதன் உடலுக்குள்ளேயே கூழாக உறைந்துபோயிற்று. பின்னர் ஜாக் லெவின் என்பவரோடு இணைந்து, பாக்டீரியாவின் மேலுறையில் உள்ள நச்சுப்பொருள்தான் இவ்வுறைதலைத் தூண்டுகிறது என்பதை 1964இல் நிறுவினார். ஊசி மருந்துகளில் இந்நச்சு கலந்துள்ளதா எனச் சோதிக்க, நண்டின் குருதியணுச்சாறு இன்றளவும் பயன்படுகிறது.

இதில் நோக்கத்தக்கது ஒன்று. அந்நண்டுக்குத் தட்டணு வேறு, வெள்ளையணு வேறு என்ற பாகுபாடு இல்லை. ஒரே வகை அணு கிருமியை அறிகிறது. அதுவே குருதியை உறையச் செய்து, புகுந்த கிருமியை அவ்விடத்திலேயே சிறைப்படுத்துகிறது. அவ்வுயிரிக்கு உறைதலே நோயெதிர்ப்பு. மனிதரிடம் அவ்வேலை பல அணுக்களுக்குப் பங்கிடப்பட்டுள்ளது. ஆனாலும் பழைய உறவு அறுபடவில்லை.

வலை

மனித வெள்ளையணுக்களுள் எண்ணிக்கையில் மிகுந்தவை நியூட்ரோஃபில்கள். இவை கிருமியை விழுங்கிக் கொல்லும் என்பது பலகாலமாக அறிந்த செய்தி. 2004இல் பெர்லினில் உள்ள மாக்ஸ் பிளாங்க் தொற்று உயிரியல் ஆய்வகத்தினர் வியப்பான ஒன்றைக் கண்டனர். நியூட்ரோஃபில் தன் உட்கருவில் சுருண்டிருக்கும் டி.என்.ஏ. இழைகளை வெளியே வீசுகிறது. கிருமிக்கொல்லிப் புரதங்கள் பதிந்த அவ்விழைகள் வலைபோல் விரிந்து கிருமிகளைப் பிடிக்கின்றன. பெரும்பாலும் வலையை வீசிய அணு அத்துடன் மாண்டுவிடுகிறது. காசிமேட்டு மீனவர் வலை வீசுவது மீனுக்காக. அதில் வேண்டாதனவும் சிக்கத்தான் செய்கின்றன. நியூட்ரோஃபில் வலையும் அப்படியே. அதில் தட்டணுக்கள் சிக்குகின்றன, உறைதற்காரணிகள் தூண்டப்படுகின்றன, டி.என்.ஏ. வலைமேல் ஃபைபிரின் வலை படர்கிறது.

அழற்சிச் செய்தியைச் சுமந்து செல்லும் சைட்டோகைன்களும் இதற்குத் துணைபோகின்றன. அவற்றின் தூண்டுதலால் ஒருவகை வெள்ளையணு, கிழிசல் எதுவும் இல்லாதபோதும் தன் மேற்பரப்பில் திசுக் காரணியை ஏந்திக்கொள்கிறது. கல்லீரல் ஃபைபிரினோஜனைக் கூடுதலாகச் சுரக்கிறது. எதிர்த்திசையில், திராம்பின் தானும் அழற்சியைத் தூண்டவல்லது. ஆக, அழற்சி உறைதலை வளர்க்க, உறைதல் அழற்சியை வளர்க்கிறது. கிருமியைச் சிறைப்படுத்த நோயெதிர்ப்பாற்றலே நடத்தும் இவ்வுறைதலுக்கு 2013இல் செருமானிய ஆய்வாளர்களான எங்கெல்மன், மாஸ்பெர்க் இருவரும் ஒரு தனிப்பெயர் சூட்டினர். தமிழில் அதனை 'நோயெதிர்ப்பு உறைதல்' எனலாம்.

இது நோயன்று, சிறு அளவில் நிகழும்வரை நன்மையே. கிருமி பரவும் வழி அடைபடும். அளவு மீறினால் வேலியே பயிரை மேய்ந்த கதையாகிவிடும். வூகானில் 183 நோயாளிகளின் குருதியை ஆராய்ந்த மருத்துவர்கள், 2020 பிப்ரவரியில் தம் முடிவை வெளியிட்டனர். இறந்தவர்களுள் பத்தில் ஏழு பேருக்கு உடல் முழுவதும் நுண்ணுறைவுகள் பரவும் நிலைக்குரிய அளவீடுகள் காணப்பட்டன. பிழைத்தவர்களிடம் அது நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைக்கூட எட்டவில்லை. அவ்வாண்டு மே மாதம் வெளியான மற்றோர் ஆய்வு, கோவிட்டால் இறந்த எழுவரின் நுரையீரலைக் கடும் ஃபுளூ காய்ச்சலால் இறந்தவர்களின் நுரையீரலோடு ஒப்பிட்டது. காற்று நுண்ணறைகளைச் சூழ்ந்த தந்துகிகளில் நுண்ணுறைவுகள் ஃபுளூ நோயாளிகளைவிட ஒன்பது மடங்கு மிகுந்திருந்தன.

உயிர்வளி குறைந்தும் சிலர் திணறாமல் இருந்ததன் காரணங்களுள் ஒன்று இப்போது விளங்கும். நுண்ணறைக்குள் காற்று வந்து சென்றது. நோயின் தொடக்கத்தில் நுரையீரல் இறுகிவிடவுமில்லை. ஆனால் அக்காற்றை வாங்கிக்கொள்ள வேண்டிய குருதி அங்கு வந்து சேரவில்லை. ஆட்கள் ஏற நிற்கும் நிலையத்துக்கு வண்டி வராததைப் போன்றது அது.

மருந்தும் காலமும்

சென்னையிலும் அண்டை மாவட்டங்களிலும் 2020 ஜூன் 19 முதல் மீண்டும் முழுப் பொதுமுடக்கம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னர், ஜூன் 16 அன்று, இங்கிலாந்தின் 'ரெகவரி' ஆய்வுக்குழு ஒரு முடிவை அறிவித்தது. டெக்ஸாமெத்தசோன் என்னும் பழைய, மலிவான ஸ்டீராய்டு மருந்தை நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் வீதம் பத்து நாள்வரை கொடுத்தபோது, செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்தவர்களின் இறப்பு மூன்றில் ஒரு பங்கும், உயிர்வளி மட்டும் பெற்றவர்களின் இறப்பு ஐந்தில் ஒரு பங்கும் குறைந்தன. ஜூன் 27 அன்று நடுவண் சுகாதார அமைச்சகம் தன் சிகிச்சை நெறிமுறையில் அம்மருந்தைச் சேர்த்தது. எல்லா மருந்துக்கடைகளிலும் சில ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மருந்து பெரும் விலையுள்ள மருந்துகளால் இயலாததைச் செய்தது. ஏழை நோயாளிகள் மிகுந்த அரசு மருத்துவமனைகளுக்கு இதைவிடப் பெரிய நற்செய்தி அப்போது வேறில்லை.

ஆனால் அம்முடிவில் இன்னொரு பாதியும் உண்டு. உயிர்வளி தேவைப்படாத நோயாளிகளுக்கு இம்மருந்தால் பயன் இல்லை. தீங்கு நேரக்கூடும் என்ற குறிப்பும் இருந்தது. தொடக்கத்தில் உடலுக்கு அழற்சி தேவை. கிருமியோடு போர் நடக்கும்போதே படையைக் கலைத்துவிடலாகாது. இவ்வேறுபாட்டை உணராமல் காய்ச்சல் கண்ட அன்றே ஸ்டீராய்டு விழுங்கியோர் பலர். 2021இல் இரண்டாம் அலையின்போது பரவிய கரும்பூஞ்சை நோய்க்குக் கட்டுப்படாத நீரிழிவோடு அளவுமீறிய ஸ்டீராய்டும் காரணமாயிற்று.

உறைதலைத் தடுக்கும் ஹெப்பாரினின் கதையும் இதையொத்ததே. 1916இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஜே மெக்லீன் என்னும் மருத்துவ மாணவர், குருதியை உறையச் செய்யும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தபோது அதற்கு நேர்மாறான பொருளைக் கண்டார். அவ்வழியே வளர்ந்த ஆய்வுதான் இன்று உலகெங்கும் பயன்படும் ஹெப்பாரினைத் தந்தது. கோவிட் நோயாளிகளுக்கு எவ்வளவு ஹெப்பாரின் தருவது என்பதில் கருத்து வேறுபாடு இருந்தது. 2021 ஆகஸ்டில் பல நாடுகள் இணைந்து நடத்திய ஆய்வு விடை கூறியது. நோய் முற்றாத நிலையில் மருத்துவமனையில் சேர்ந்தோர்க்கு முழு அளவு ஹெப்பாரின் பயன் தந்தது. தீவிரச் சிகிச்சைப் பிரிவை அடைந்துவிட்டோர்க்கு அதே அளவு பயன் தரவில்லை. குருதிக்கசிவு கூடும் இடர்ப்பாடே மிஞ்சியது. பல்லாயிரம் நுண்நாளங்கள் அடைபட்டுச் சுவர்கள் சிதைந்த பின்னர், புதிய உறைவைத் தடுப்பதால் மட்டும் மீட்சி இல்லை.

ஒன்று முன்கூட்டித் தந்தால் தீங்கு. மற்றொன்று காலந்தாழ்த்தித் தந்தால் வீண். இரண்டுக்கும் இடையிலான அந்தச் சில நாள்களைத் தவறவிடாமல் இருக்கவே வீடுவீடாகச் சென்று காய்ச்சல் கேட்பதும், தெருமுனை முகாமில் விரல்நுனி பார்ப்பதும் தேவைப்பட்டன. ஏட்டைக் கையில் ஏந்திச் சந்துக்குள் நுழைந்த களப்பணியாளர்களின் வேலை, மேலோட்டமாகப் பார்ப்போர்க்குக் கணக்கெடுப்பாகவே தோன்றியிருக்கும். மருந்து பயன்படும் காலத்துக்குள் நோயாளியை மருத்துவரிடம் சேர்ப்பித்தது அக்கணக்கெடுப்பே.

எண்ணூர்க் காற்று

கிருமி இல்லாமலும் நுரையீரலில் அழற்சி எழுமா? எழும். அவ்வகையில் இவ்வாய்வு பெருந்தொற்றோடு முடிந்துவிடவில்லை. இராயபுரத்துக்கு வடக்கே திருவொற்றியூர், மணலி, எண்ணூர் எனத் தொடரும் தொழிற்பகுதிக்கு அது நேரடியாகப் பொருந்துவது.

1995இல் ஆண்டனி சீட்டன் என்னும் பிரித்தானிய மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 'லான்செட்' இதழில் ஒரு கருதுகோளை முன்வைத்தனர். நகரங்களில் காற்று மாசு கூடிய நாள்களில் நுரையீரல் நோயாளிகளோடு இதய நோயாளிகளும் மிகுதியாக இறந்ததன் காரணத்தை அவர்கள் தேடினர். மிக நுண்ணிய துகள்கள் காற்று நுண்ணறைவரை சென்று அங்கு மெல்லிய அழற்சியை மூட்டுகின்றன. அவ்வழற்சி குருதியின் உறையும் தன்மையைக் கூட்டுகிறது. அதனால் மாரடைப்பு நேர்கிறது என்றனர். பின்வந்த ஆய்வுகள் பல இதற்கு வலுச்சேர்த்தன. இத்தாலியின் லொம்பார்டிப் பகுதியில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு, துகள் மாசு மிகுந்த இடங்களில் வாழ்வோர்க்குக் கால் ஆழ்சிரைகளில் குருதி உறையும் வாய்ப்புக் கூடுவதைக் காட்டியது.

இந்த நுண்துகள்கள் 2.5 மைக்ரான் அளவுக்குக் குறைந்தவை. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. நிலக்கரி எரியும் உலை, டீசல் ஊர்தியின் புகை, எண்ணெய் சுத்திகரிப்பு என அவற்றின் பிறப்பிடங்கள் பல. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் உற்பத்தியைத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. அதன்பின்னும் வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் இப்பகுதியில் நிலக்கரி எரிக்கின்றன. துறைமுகத்தை நோக்கி வரிசையில் நிற்கும் சரக்குப் பெட்டக லாரிகளைத் திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் செல்வோர் எவரும் அறிவர். காற்றில் இந்நுண்துகள்களின் ஆண்டுச் சராசரி கனமீட்டருக்கு 40 மைக்ரோகிராமுக்கு மிகலாகாது என்பது இந்தியத் தரநிலை. உலகச் சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ 5 மைக்ரோகிராம்.

கோவிட் நோயாளியின் குருதியில் சில நாள்களில் புயலாக எழுந்தது, புகை சூழ்ந்த ஊரில் வாழ்பவரின் குருதியில் ஆண்டுக்கணக்கில் மெல்லிய காற்றாக வீசிக்கொண்டிருக்கக்கூடும். சற்றே உயர்ந்த ஃபைபிரினோஜன், எளிதில் ஒட்டிக்கொள்ளும் தட்டணுக்கள், ஓயாத மெல்லழற்சி ஆகியவை அதன் அடையாளங்கள். இவற்றால் வலியில்லை, வேலைக்குச் செல்லத் தடையில்லை. ஐம்பது வயதில் ஒருநாள் மார்பு வலிக்கும்போது புகைபிடித்தல், நீரிழிவு, பரம்பரை ஆகியவற்றை மருத்துவர் கேட்டறிகிறார். 'எந்த ஊர்க் காற்றைச் சுவாசித்தீர்கள்?' என்பது இன்னும் வழக்கமான கேள்விகளுள் இடம்பெறவில்லை.

அக்கேள்வியைக் கேட்க அரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. ஃபைபிரினோஜனையும் அழற்சியைக் காட்டும் சி-எதிர்வினைப் புரதத்தையும் அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்திலேயே அளந்துவிடலாம். மணலியில் காற்றுத்தர அளவீட்டு நிலையம் இயங்குகிறது. கத்திவாக்கத்து மீனவர் ஒருவரின் குருதி அளவையும் அவர் சுவாசிக்கும் காற்றின் அளவையும் ஒரே ஏட்டில் எதிரெதிர்ப் பத்திகளாக ஆண்டுதோறும் எழுதிவந்தால், சீட்டன் 1995இல் கண்டத்துக்கு அப்பால் எழுப்பிய வினாவுக்கு எண்ணூரின் விடையை அந்த ஏட்டிலிருந்தே படிக்கலாம்.